கிலோமீட்டர் கணக்கு

ஜூன் 3, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. அப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. ஒரு மாதம் ஓடட்டும், பார்க்கலாம் என்றுதான் நாச்சிமுத்து சொன்னார்.

அவருடைய அலுவலகம் சின்னியம்பாளையத்தில் இருக்கிறது. ஒரு மேசை, இரண்டு போன், சுவரில் பெரிய திரை. வெளியே வேப்பமரத்தடியில் சின்ன வேன்கள் நிற்கின்றன. அவசரச் சரக்கு மட்டும்தான் ஏற்றுகிறார்கள். எங்கோ ஒரு தொழிற்சாலையில் ஒரு பேரிங் உடைந்து இயந்திரங்கள் நின்றுபோகும். இங்கிருந்து ஒரு பேரிங்கை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் ஓடும். ஒரு பெட்டிக்கு ஒரு வண்டி. வழியில் வேறு எதையும் ஏற்றக் கூடாது.

"ரிட்டையர் ஆன வாத்தியாருக்கு ஸ்டீரிங்கு எதுக்குங்க சார்?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

தனியார் கல்லூரியில் புள்ளியியல் நடத்தினேன், பென்ஷன் கிடையாது என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறேன், வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப நெம்ப மெதுவாத்தான் ஓட்டியிருப்பீங்க" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி. பெயர் சாந்தாமணி. ஐம்பதை நெருங்குகிற வயது. வண்டிகளை அனுப்புவது, அவை எங்கே போகின்றன என்று கவனிப்பது, சரக்குக்காரர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு.

கூலி மூன்று விதமாம். மாதச் சம்பளம்: வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே தொகை. கிலோமீட்டர் கணக்கு: ஓடிய தூரத்துக்குப் பணம், காத்திருக்கும் நேரத்துக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது, வாடகையில் பங்கு: சரக்குக்காரரிடம் ஓட்டுநரே பேரம் பேசிக்கொள்ள வேண்டும், டீசலும் அவர் செலவு. இந்த மாதம் மூன்றையும் ஓட்டிப் பார்க்கலாம். மாதக் கடைசியில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொன்னதை ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது.

நிதானமாக யோசித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

அட்டவணை போட்டு வைத்தேன். மூன்று பத்திகள். இன்னும் நிரப்ப எதுவும் இல்லை. ரசம் வைத்தேன், உப்பு அதிகம்.

ஜூன் 6, வியாழன்

முதல் ஓட்டம். சம்பள வேனில் கரூர் போய் வந்தேன். சம்பளத்துக்கு ஓட்டுபவர்களின் வண்டிகள் எல்லாம் நாச்சிமுத்துவின் சொந்த வண்டிகள். அவற்றில் ஸ்டீரிங்குக்குக் கீழே ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்கள். அதில் பச்சை விளக்கு எரிந்தால் நம் வண்டி அலுவலகத் திரையில் ஒரு புள்ளியாகத் தெரியுமாம். மற்ற வேன்கள் வெளியாரிடம் வாடகைக்கு எடுத்தவை. அவற்றில் கருவி இல்லை.

காலையிலிருந்து மாலை வரை போன் ஒரு முறைகூட அடிக்கவில்லை. இடைஞ்சல் இல்லாமல் ஓட்ட முடிந்தது. சம்பளப் பத்தியில் இதை ஒரு சாதகமாகக் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

மாதா கோவிலுக்குப் போனேன். பூசை முடிந்து வாசலில் எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காரைத் துடைத்தேன்.

மதியம் போனைத் துடைக்கும்போது ஸ்டெல்லாவின் எண் தவறுதலாக அழுந்திவிட்டது. அவள் போன பிறகு அந்த எண் வேறு யாரிடமோ போய்விட்டது. ஓர் ஆண் எடுத்து "யாருங்க?" என்றார். ராங் நம்பர் என்று நானே சொல்லி வைத்துவிட்டேன். போன மாதமும் இப்படி ஆயிற்று. பட்டியலில் முதலில் இருப்பதால்தான் அழுந்துகிறது. அதை எடுத்துவிட வேண்டும்.

ஜூன் 12, புதன்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எங்கே தவறினேன் என்று எனக்கு விளங்க வேண்டும்.

காலையில் ஓசூருக்குச் சரக்கு. சம்பள வேன். சரக்கு என்பது என் சாப்பாட்டு டப்பாவைவிடச் சின்ன அட்டைப்பெட்டி. உள்ளே ஏதோ சென்சார். அது இல்லாமல் அங்கே உற்பத்தி நின்றுவிட்டதாம். "லைன் நிக்குதுங்க சார், சீக்கிரம்" என்று சொல்லித்தான் சாந்தாமணி அதைக் கையில் கொடுத்தார். நான் என் வழக்கத்தைவிட வேகமாகவே போனேன். மதியத்துக்குள் தொழிற்சாலையை அடைந்துவிட்டேன். வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. கடைசி லாரிக்குப் பின்னால் நானும் நிறுத்தினேன்.

தவறு அவ்வளவுதான்.

முன்னால் போய்க் காவலாளியிடம் கேட்கலாமா என்று தோன்றியது. நிற்பவர்கள் எல்லாம் எனக்கு முன்பே வந்தவர்கள். அவர்களைத் தாண்டிப் போனால் என்ன நினைப்பார்கள்? ரேஷன் கடையிலும் வங்கியிலும் தேர்வுக் கட்டணம் கட்டும் இடத்திலும் வாழ்நாள் முழுக்க வரிசையில் நின்றவன் நான். வேர்க்கடலை விற்றுக்கொண்டு வந்தவரிடம் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன். வரிசை மெல்ல நகர்ந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

வெயில் சாயத் தொடங்கியபோது நாச்சிமுத்துவின் போன் வந்தது.

"எங்கீங்க சார் இருக்கீங்க?"

"ஃபேக்டரி வாசல்லதாங்க."

"உள்ளயா, வெளியயா?"

"வெளியில. வரிசையில நிக்கறேன். முன்னாடி நாலு வண்டிதான் இருக்கு."

 

"வரிசையிலயா?" என்றார். "ஏனுங்க சார், ஆம்புலன்ஸ ஓட்டிட்டுப் போயி டோக்கன் வாங்கிட்டு ஒக்காந்திருக்கீங்களே! ஹாரன அடிச்சுட்டு நேரா கேட்டுக்குப் போங்க. லைன் நிக்குதுன்னு சத்தமாச் சொல்லுங்க. போங்க!"

போனேன். ஹாரன் அடிக்கக் கை வரவில்லை. இறங்கி ஓடிப்போய்ப் பெட்டியைக் காட்டினேன். காவலாளி என் சட்டையைப் பார்த்தார். அதில் கடலைத் தோல் ஒட்டியிருந்தது.

"உள்ள முந்நூறு பேரு கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க இங்க கடலை சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?"

தோலைத் தட்டிவிட்டுப் பெட்டியை நீட்டினேன். 

திரும்பி வந்தபோது நாச்சிமுத்து சத்தம் போடவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்த ஓட்டத்துக்கு வாடகை வராது என்றார். "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா என்னால பாத்துக்க முடியாதுங்க சார். பெரிய பார்ட்டி."

சாந்தாமணி மட்டும் அவரிடம் என் பக்கம் பேசினார். "எம்மேலயும் தப்பிருக்குதுங்கண்ணா. புள்ளி ஃபேக்டரி மேலயே நின்னுச்சு, எறக்கிட்டாருன்னு நெனச்சுட்டேன். ஒரு போன் பண்ணியிருந்தா சார் சொல்லியிருப்பாரு."

ஜூன் 13, வியாழன்

கூப்பிடவில்லை.

ஜூன் 14, வெள்ளி

இன்றும் கூப்பிடவில்லை. அலமாரியைத் துடைத்தேன்.

ஜூன் 17, திங்கள்

கூப்பிட்டுவிட்டார்கள். கிலோமீட்டர் கணக்கில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். வாடகை வேன், கருவி கிடையாது. சேலத்துக்குச் சரக்கு.

கருவி இல்லாத வண்டி எங்கே போகிறது என்று தெரிந்துகொள்ள அலுவலகத்தில் ஒரே வழிதான்: போன். கணியூர் டோல்கேட்டைத் தாண்டியதும் முதல் அழைப்பு. வண்டியை ஓரம் கட்டி, கைப்பிரேக் போட்டுவிட்டு எடுத்தேன்.

"எங்க இருக்கீங்க சார்?"

"கணியூர் தாண்டிட்டேம்மா."

"சாப்டீங்களா?"

"காலையில இட்லி."

"வண்டிச் சத்தமே கேக்கலீங்களே. நிறுத்திட்டா பேசறீங்க?"

"ஓட்டும்போது பேசக் கூடாதில்லையா."

சிரித்தார். "ஒவ்வொரு போனுக்கும் ஓரங்கட்டினா சரக்கு எப்பங்க போய்ச் சேரும்? டோல்ல நிக்கறப்போ எடுத்தாப் போதும். நான் அதுக்குத் தக்கன போடறேன்."

அப்படியே செய்தார். விஜயமங்கலம் டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது சரியாக அடித்தது. வைகுந்தம் டோல்கேட்டில் மறுபடியும். எங்க இருக்கீங்க, சாப்டீங்களா. சேலத்தில் பெட்டியை இறக்கியதும் ஒன்று. திரும்பும் வழியிலும் உண்டு.

வேலைக்கு நடுவே இத்தனை அழைப்புகள் இடைஞ்சல்தான். கிலோமீட்டர் பத்தியில் எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. பாதகத்தில் எழுதினேன். பிறகு அழித்துவிட்டேன்.

ஜூன் 19, புதன்

வாடகையில் பங்கு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மாதிரித் துணிகள் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். முதலாளி "எவ்வளவுங்க?" என்றார். "உங்களுக்கு எவ்வளவு கட்டுப்படி ஆகும்?" என்று கேட்டுவிட்டேன்.  அவராகவே ஒரு தொகை சொன்னார். டீசலுக்குச் சரியாக இருந்தது.

மூன்றாவது பத்தியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். எனவே இப்போது இரண்டுக்கு நடுவில்தான்.

ஜூன் 21, வெள்ளி

திண்டுக்கல். கிலோமீட்டர் வேன். தாராபுரம் தாண்டி ஒரு மரத்தடியில் தயிர் சாதம் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது போன் வந்தது.

"சாப்டீங்களா சார்?"

"இப்பதாம்மா. தயிர் சாதம், நார்த்தங்காய் ஊறுகாய்."

"ஊறுகா யாரு போட்டது?"

"கடையில வாங்கினது."

"கடை ஊறுகா வெறும் உப்புங்க. நான் ஒரு டப்பா கொண்டாறேன்."

போனில் பேசவேண்டிய விஷயம் இல்லை. ஆனாலும் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஜூன் 22, சனி

வேப்பமரத்தடியில் சௌகத்துடன் உட்கார்ந்திருந்தேன். நான்கு வருடமாகக் கிலோமீட்டர் கணக்கில் ஓட்டுபவர். முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாது. என் அட்டவணையை வாங்கிப் பார்த்து, "சார், எனக்குக் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பக்கூட இவ்வளவு யோசிக்கலீங்க" என்றார்.

கிலோமீட்டரில் என்ன கஷ்டம் என்று கேட்டேன்.

"சாந்தாமணி அக்கா போனுதாங்க கஷ்டம். விடாது. சாப்டியா, சாப்டியான்னு."

அக்கறையாகத்தானே கேட்கிறார் என்றேன்.

"அக்கறையா?" சௌகத் சிரித்தார். "அது எல்லாருக்கும் கேக்கறதுங்க சார். மத்தியான வெயில்ல டிரைவருக்குக் கண்ணு சொருகும். எங்க இருக்கன்னு கேட்டாத் தூக்கத்துலகூட ஊர் பேரச் சொல்லிருவோம். என்ன சாப்பிட்டன்னு கேட்டா யோசிச்சுச் சொல்லணும்ல? அதுல குரல் கொழகொழன்னு இருந்தா, வண்டிய நிறுத்துன்னு சத்தம் போடும். அது அக்காவோட டெஸ்டுங்க."

நல்ல முறை. எளிமையானது, செலவில்லாதது. கேள்வியை அமைத்த விதமும் சரி. இதை முன்பே ஊகித்திருக்க வேண்டும்.

மாலையில் சாந்தாமணி ஊறுகாய் டப்பாவை மேசையில் வைத்திருந்தார். சௌகத்துக்கும் ஒரு டப்பா இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. தலைவலி.

ஜூன் 27, வியாழன்

அட்டவணை முடிந்தது. சம்பளத்தில் மாதாமாதம் ஒரே தொகை. கிலோமீட்டரில் நல்ல மாதத்தில்கூடச் சம்பளத்தைக் கொஞ்சம்தான் தாண்டும். மழைக் காலத்தில் பாதிக்கு இறங்கிவிடும். காய்ச்சலில் படுத்தால் ஒன்றுமில்லை. என் வயதில் காய்ச்சல் வரும். வேலையை விடவும் முடியாது. சேமிப்பின் பெரும்பகுதி ஸ்டெல்லாவின் ஆஸ்பத்திரிச் செலவில் போய்விட்டது. எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சம்பளம்தான் வெல்கிறது. வகுப்பில் ஒரு மாணவன் இந்தக் கணக்கைக் கொண்டுவந்து கிலோமீட்டர் என்று விடை எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

சனிக்கிழமை சம்பளம் என்று சொல்லிவிடுவேன்.

ஜூன் 29, சனி

கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டேன்.

நாச்சிமுத்து நான் நீட்டிய தாளை இரண்டு முறை பார்த்தார். "சார், நீங்க எழுதினதுலயே சம்பளந்தானுங்க நல்லதுன்னு போட்டிருக்குது?"

"ஆமாங்க."

"அப்புறம்?"

நான் தயார் செய்துகொண்டு போன வாக்கியம் வேறு. வாயில் வந்தது இது: "ஓசூர்ல ஆன மாதிரி மறுபடி ஆகக் கூடாதுங்க. என்னை யாராவது கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் சரியா இருக்கும்."

"நச்சரிப்புங்க அது. சௌகத்தக் கேளுங்க."

"கேட்டேன்."

"நல்லாக் கேட்டுக்கங்க, ஒரு வருசத்துக்கு மாத்த மாட்டேன். சம்சாரம் போயி தனியா இருக்கற மனுசன், கையில நாலு காசு நிலையா வர்றது நல்லதில்லீங்களா?"

பரவாயில்லை என்றேன். சாந்தாமணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு மறுபடி போனை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அட்டவணையை மறுபடி சரிபார்த்தேன். கணக்கில் பிழை இல்லை. என்னிடம்தான் ஏதோ பிழை இருக்கிறது. ஆனால் காரணம் சொன்னது பொய்யல்ல. ஓசூர் மறுபடி நடக்காமல் இருப்பதும் ஒரு காரணம்தான்.

ஜூலை 1, திங்கள்

நாமக்கல். போன்கள்: போகும்போது விஜயமங்கலம், திரும்பும்போது பெருந்துறை. தக்காளி சாதம் என்று சொன்னேன். யோசித்துத்தான் சொன்னேன்.

ஜூலை 4, வியாழன்

சரக்கு இல்லை.

ஜூலை 5, வெள்ளி

மதுரை. வழியில் கொடுவாயில் போன் வந்தபோது எலுமிச்சை சாதம் என்று சொன்னேன். நிலக்கடலை போட்டதா என்று கேட்டார். சோதனைக்கு அது தேவையில்லாத கேள்வி. போட்டது என்றேன். உண்மையில் போடவில்லை. அடுத்த முறை போட வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

காலையில் போனபோது ஒருவர் என் வேனுக்குள் படுத்துக்கொண்டு ஒயரை இழுத்துக்கொண்டிருந்தார். எல்லா வண்டிகளுக்கும் கருவி பொருத்துகிறார்களாம். ஓசூர்ப் பெரிய பார்ட்டி கேட்டிருக்கிறது. எந்த வண்டி வந்தாலும் அவர்களுடைய போனிலேயே புள்ளி தெரிய வேண்டுமாம்.

"அல்லா காப்பாத்திட்டான்" என்றார் சௌகத். "இனி அக்கா தொல்லை இல்ல."

"எனக்குந்தான் தொல்லை விட்டுச்சு" என்றார் சாந்தாமணி. "தொண்டத் தண்ணி வத்திப் போச்சு உங்ககூட."

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. பச்சை விளக்கு.

ஜூலை 10, புதன்

ஈரோடு போய் வந்தேன். இடைஞ்சல் இல்லை.

ஜூலை 11, வியாழன்

சேலம். மூன்று டோல்கேட்டுகளிலும் போனைத் தாங்கியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். சிக்னல் நன்றாக இருந்தது.

ஒரு வருடம் என்பது ஒப்பந்தம். நானேதான் சொன்னேன்.

மாலையில் ஸ்டெல்லாவின் எண் அழுந்திவிட்டது. அந்த மனிதர் இந்த முறை "யாருங்க, அடிக்கடி போடறீங்க?" என்றார். மன்னிப்புக் கேட்டேன். எண்ணை எடுத்துவிட்டேன். பட்டியலில் இப்போது முதலில் இருப்பது அலுவலகம்.

ஜூலை 12, வெள்ளி

கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதை ஓட்டுநரும் உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது என்று தோன்றியது. வைகுந்தம் டோல்கேட்டில் நானே அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நானாகப் போன் செய்வது இதுதான் முதல் முறை. என்ன சொல்ல வேண்டும் என்று முன்பே மனதில் எழுதிவைத்துக்கொண்டேன்.

"புள்ளி தெரியுதாம்மா?"

"தெரியுதுங்க சார். வைகுந்தம் டோல்ல இருக்கீங்க."

"சரிம்மா."

"சரிங்க."

திரும்பும்போது விஜயமங்கலத்தில் மறுபடி உறுதிப்படுத்திக்கொண்டேன். தெரிகிறது என்றார். "ஏனுங்க சார், ஏதாச்சும் கோளாறா?" என்று கேட்டார். இல்லை, சும்மா சரிபார்க்கிறேன் என்றேன். பின்னால் இன்னொரு போன் அடித்துக்கொண்டிருந்தது. அவருக்கு எவ்வளவோ வேலை. இனி தொந்தரவு செய்யக் கூடாது.

ஜூலை 15, திங்கள்

சரக்கு இல்லை. நிலக்கடலை வறுத்து வைத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

ஓசூர். அதே தொழிற்சாலை. சாந்தாமணி பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. நாச்சிமுத்துதான் "ஹாரனுங்க சார்" என்று விரலால் அழுத்திக் காட்டினார்.

போகும்போது போன் எதுவும் இல்லை. நானும் செய்யவில்லை.

வாசலில் லாரிகள் போன முறையைவிட அதிகம். கடைசி லாரிக்குப் பின்னால் கால் தானாகவே பிரேக்குக்குப் போயிற்று. நிறுத்திவிட்டேன் என்றே சொல்லலாம். பிறகு வலது பக்கம் ஒடித்து, ஹாரனை அழுத்திக்கொண்டே எல்லா லாரிகளையும் தாண்டிப் போனேன். ஒருவர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, "யோவ் பெருசு, நாங்கல்லாம் என்ன கோயில்ல சுண்டல் வாங்கவா நிக்கிறோம்?" என்று கத்தினார்.  காவலாளியிடம் "லைன் நிக்குதுங்க!" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கேட்டைத் திறந்துவிட்டார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அல்லது தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லை.

பெட்டியை வாங்கிக்கொண்டு ஒருவர் உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் எங்கோ இயந்திரங்கள் ஓடத் தொடங்கும் சத்தம் கேட்டது. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. காவலாளி வேறு வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தருமபுரி தாண்டி, தொப்பூர் இறக்கத்துக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். இறக்கத்தில் லாரிகள் அடிக்கடி கவிழும் இடம். சற்று ஓய்வெடுத்துவிட்டு இறங்குவது நல்லது. டப்பாவைத் திறந்தேன். அப்போது போன் அடித்தது. அலுவலகம்.

"சார், புள்ளி தெரியலீங்க. எங்க இருக்கீங்க?"

ஸ்டீரிங்குக்குக் கீழே எட்டிப் பார்த்தேன்.

"தொப்பூருக்கு முன்னாடிம்மா. டீக்கடையில."

"பெட்டி எறக்கியாச்சுங்களா?"

"ஆச்சு. வரிசையில நிக்கல. ஹாரன் அடிச்சு நேராப் போயிட்டேன். ஒருத்தர் திட்டினார். மெஷின் ஓட ஆரம்பிச்ச சத்தம்கூடக் கேட்டுச்சு."

"அட! அண்ணங்கிட்டச் சொல்றேன் இருங்க." போனை நகர்த்திப் பிடித்து யாரிடமோ சத்தமாகச் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. பிறகு: "சாப்டீங்களா?"

"இப்பதான் டப்பாவத் திறந்தேன். எலுமிச்சை சாதம். கடலை போட்டது."

"இந்தக் கருவி இந்தப் பக்கமெல்லாம் சரியா எடுக்கறதில்ல போலிருக்குதுங்க" என்றார். "ஓமலூர்ல ஒருக்காக் கூப்பிட்டுப் பாக்கறேன்."

"சரிம்மா."

"பாத்து எறங்குங்க."

வைத்துவிட்டார். சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டேன். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.